நடராஜாவும் ஆளுநரும்
காமினி பொன்சேகாவின் திரையும் அரசியலும் பற்றிச் சில குறிப்புகள்

காமினி பொன்சேகா 2004 செப்டெம்பர் 30இல் காலமானபோது நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சிங்களம் கற்பித்த விரிவுரையாளர் அடுத்த வாரம் ஒரு சீடியுடன் வகுப்புக்கு வந்தார். பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு 'சருங்கலே' படத்தைப் போட்டுக் காட்டினார். விடுதிக்குத் திரும்பும் வழியில் மூதூர் நண்பர் ஒருவர் கேட்டார்: "இவர் நம்மட மாகாணத்துக்கு ஆளுநரா இருந்த ஆள்தானே?"

ஆம், அவர்தான். அந்த ஒரு கேள்வியை இருபது வருடங்களாகச் சுமந்து திரிகிறேன். திரையில் ஒரு தமிழ் எழுதுவினைஞராக வந்து எங்களைக் கலங்க வைத்தவரும், 1995 முதல் 1998 வரை வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநராகத் திருகோணமலையில் வீற்றிருந்தவரும் ஒரே மனிதர். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமது விமர்சகர்கள் அதிகம் முயன்றதாக எனக்குத் தெரியவில்லை. சிங்கள சினிமா என்றால் நமக்கு ஒரு ஒதுக்கம். அரசியல் என்றால் அவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்ற அலட்சியம்.

காமினியின் பெயரை நான் முதலில் கேட்டது வாப்பாவிடம்தான். 1962இல் வந்த 'ரன்முத்து துவ'வைப் பார்க்க வாப்பா தம்பலகாமத்திலிருந்து கூட்டாளிகளுடன் பஸ் ஏறித் திருமலைக்குப் போனாராம். அது முதலாவது வர்ணச் சிங்களத் திரைப்படம். சிங்களம் புரிந்ததா என்று கேட்டால் சிரிப்பார். "கடலைப் பாக்கத்தான் போனோம்" என்பார். நம்முடைய கடல்தான். கோணேசர் மலையடியில் ஆர்தர் சி. கிளார்க்குடன் சேர்ந்து சுழியோடிய மைக் வில்சன்தான் அதன் இயக்குநர். திருகோணமலைக் கடலும் கரையும் அந்தப் படத்தில் வர்ணத்தில் வந்தன. தினமும் கண்ட கடலைப் பார்க்க ரிக்கட் வாங்கிய தலைமுறை அது. படத்தின் கதாநாயகன் முப்பத்து மூன்று வருடங்கள் கழித்து அதே ஊருக்கு ஆளுநராக வருவான் என்று அன்று சொல்லியிருந்தால் வாப்பா நம்பியிருக்க மாட்டார்.

1936இல் தெஹிவளையில் பிறந்தவர் காமினி. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படப்பிடிப்புக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்தார். கித்துல்கலையில் டேவிட் லீன் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' படத்திலும் வேலை செய்தார். கமராவுக்குப் பின்னால் நின்று பழகியவர் என்பதை அவர் நடிப்பில் காணலாம். தேவையில்லாமல் கையை அசைக்க மாட்டார்.

நம்மவர்களுக்கு நடிகர் அரசியல்வாதி என்றாலே எம்.ஜி.ஆர்தான். அந்த அளவுகோலால் காமினியை அளக்கப் போனால் பிழைத்துவிடும். எம்.ஜி.ஆர் திரையில் புகைக்க மாட்டார், குடிக்க மாட்டார், தோற்கவும் மாட்டார். அந்தப் பிம்பத்தைச் சேர்த்து வைத்து 1977இல் வாக்காக மாற்றினார். காமினியோ 'நிதானய' (1972) படத்தில் புதையலுக்காக மனைவியைப் பலி கொடுக்கும் வில்லி அபேநாயக்கவாக வந்தார். இப்படியொரு பாத்திரத்தை ஏற்றவர் 1989இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று பிரதிச் சபாநாயகரானார். மாத்தறை வாக்காளர் எந்தக் காமினிக்கு வாக்களித்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. சண்டைப் படக் காமினிக்குத்தான் என்பது என் ஊகம்.

வடக்குக்கும் அவர் திரை வழியாகத்தான் முதலில் வந்தார். டி.பி. நிஹால்சிங்கவின் 'வெலிகதர' (1971) யாழ்ப்பாணத்து மணல்வெளியில் நடக்கும் கதை. அதில் அவர் பொலிஸ் அதிகாரி. கடத்தல்கார முதலாளியாக வரும் ஜோ அபேவிக்ரமவுடன் அவர் மோதும் காட்சிகள் இன்றும் பார்க்கத் தக்கவை. ஆனால் அந்த மணலில் வாழும் மக்கள் எங்கே என்று தேடினால் பின்னணியில்தான் கிடைப்பார்கள். நிலம் நமது, கதை அவர்களுடையது.

'சருங்கலே' (1979) இதைத் தலைகீழாக்கியது. சுனில் ஆரியரத்னவின் படம். பட்டம் என்பது பெயரின் பொருள். நடராஜா யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் எழுதுவினைஞர். அயலில் சிங்களக் குடும்பங்கள். ஊரில் தங்கையின் சாதி கடந்த காதல் அவருடைய குடும்பத்தைச் சிதைத்த கதை இடையில் வருகிறது. 1958 கலவரத்தில் நடராஜா கொல்லப்படுகிறார்.

இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. சாதிக் கொடுமையையும் இனக் கொடுமையையும் இரண்டு தட்டுகளில் வைத்துச் சமன் செய்கிறது பிரதி. "நாங்கள் மட்டுமா, நீங்களும்தானே" என்று சிங்களப் பார்வையாளர் ஆறுதல் அடைய அது இடம் விடுகிறது. சாதியைக் காட்டியது பிழை என்று தமிழ் நண்பர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை, காட்டத்தான் வேண்டும். அதைக் கொலைக்கு எதிர் எடையாக வைத்ததுதான் இடறுகிறது. அந்தக் கொழும்பில் முஸ்லிம் முகம் ஒன்றும் என் மனதில் பதியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் காமினியின் நடிப்பு இந்தச் சமன்பாட்டுக்கு அடங்கவில்லை. நடராஜா பேசும் சிங்களத்தில் தமிழ் நாக்கின் தடக்கம் இருக்கிறது. அது அதுவரை சிங்கள சினிமா நமக்கு வைத்திருந்த கேலித் தடக்கம் அல்ல. சொல்லுக்கு முன் சிறிது தயங்கி, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிற தடக்கம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி சிங்களம் பேசிய எவருக்கும் அது விளங்கும். கலாசாலையில் அன்று எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிங்கள சினிமாவின் மிகப் பெரிய வீரன் திருப்பி அடிக்காமல் செத்துப்போகச் சம்மதித்தது சாதாரண விடயமல்ல. படம் வந்து நான்கு வருடங்களில் 1983 ஜூலை வந்தது.

பிறகு 1994இல் இராணுவத்தினரை மையப்படுத்தி 'நொமியென மினிசுன்' படத்தைக் காமினியே இயக்கினார். நடராஜாவாக நடித்தவர் பதினைந்து வருடங்களில் போரை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கியிருந்தார் என்பதற்கு அந்தப் படத்தின் பெயரே போதும். 'மரணமில்லா மனிதர்கள்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அடுத்த வருடம் ஆளுநர். நியமித்தவர் ஜனாதிபதி சந்திரிகா. 1986இல் யாழ்ப்பாணம் சென்று புலிகளுடன் பேசி, 1988 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட நடிகர் விஜய குமாரதுங்கவின் மனைவி. விஜயவுக்கு அன்று ஆட்சியில் பதவி ஒன்றும் இல்லை. ஆனாலும் போனார். காமினிக்குப் பதவி இருந்தது. என்ன பதவி? 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இல் கலைக்கப்பட்ட பிறகு, கிழக்கில் 2008 வரையும் வடக்கில் 2013 வரையும் தேர்தல் இல்லை. மக்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லாத இடத்தில் ஆளுநரே மாகாணம். பொலிஸ் அதிகாரமும் காணி அதிகாரமும் தாளில் இருந்தன, மாகாணத்தின் கையில் இல்லை. மிச்சம் பாடசாலை, ஆஸ்பத்திரி, கமத்தொழில், கையெழுத்து. 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் மாகாணத்துக்கும் அவர்தான் ஆளுநர். அவர்களில் மிகப் பலர் இருந்ததோ வடமேல் மாகாணத்துப் புத்தளத்தில்.

1998 பெப்ரவரி 1ஆம் திகதி எங்கள் தம்பலகாமத்தின் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர்கள் பொலிஸாராலும் ஊர்காவல் படையினராலும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பாடசாலை மாணவர்களும் இருந்தார்கள். அப்போது நான் உயர்தர வகுப்பில். முஸ்லிம் வீடுகளிலும் அன்று கதவுகள் பகலிலேயே சாத்தப்பட்டன. மறுநாள் வகுப்பில் யாரும் ஒன்றும் பேசவில்லை, பாடம் நடத்த வந்த ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றார். 'சருங்கலே'யை நான் முதன்முதலாகப் பார்த்தபோது இறுதிக் காட்சியில் எனக்கு 1958 தெரியவில்லை, பாரதிபுரம்தான் தெரிந்தது.

ஆளுநர் காமினியை இதற்குப் பொறுப்பாளியாக்குவது என் நோக்கமல்ல. பொலிஸ் அவர் சொற்கேட்டு நடக்கவில்லை. எனது வழக்கு வேறு. அவரை இங்கே அனுப்பியவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பிரபலமான முகம். நமக்குத் தேவைப்பட்டது தடக்கத்தோடு பேசுகிறவனைக் காது கொடுத்துக் கேட்கிற ஓர் அலுவலகம். நடராஜாவின் நாக்கை அவ்வளவு நுணுக்கமாகக் கற்றுக்கொண்ட ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தும் அலுவலகத்தின் மொழி மாறவில்லை. அவர் போன பின்பும் எங்கள் பாடசாலைக்குச் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்கள் எத்தனையோ. நடிகருக்குக் கிடைத்த பிரதியில் ஓர் உயிர் இருந்தது, ஆளுநருக்குக் கிடைத்த பிரதியில் அது இல்லை. ஆனால் இரண்டையும் ஏற்றவர் அவர்தான், இரண்டாவதை மறுக்கவும் அவருக்கு முடிந்திருக்கும். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரை வெறுக்கவும் முடியவில்லை.

போன தவணை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படத்தின் சில பகுதிகளைக் கைத்தொலைபேசியிலிருந்து போட்டுக் காட்டினேன். எனக்குக் கிடைத்த பிரதியில் தமிழ் எழுத்துரை இல்லை. கலாசாலையில் பார்த்ததிலும் இல்லை. நடராஜா சிங்களத்தில் பேசுகிற இடங்களையெல்லாம் நானே நின்று தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. யாரிடமாவது எழுத்துரையுடன் ஒரு பிரதி இருந்தால் அனுப்பி வையுங்கள், அடுத்த தவணைக்கு உதவும்.