அக்கரைக்குப் போன பெயர்

மெயிலில் கொல்கத்தா போகிறவர்கள் உண்மையில் இறங்குவது ஹௌராவில். இறங்கியதும் டாக்ஸி பிடித்துப் பாலத்தைத் தாண்டிவிடுவோம். ஹௌராவை யார் பார்க்கிறார்கள்?

டொமினிக் லாப்பியேர் பார்த்தார். ஹூக்ளியின் இந்தக் கரையில் இருக்கும் பில்கானா குடிசைப் பகுதியை வைத்து 1985-ல் 'சிட்டி ஆஃப் ஜாய்' எழுதினார். நாவலில் அந்தச் சேரிக்கு ஆனந்த் நகர் என்று பெயர். புத்தகம் சக்கைப்போடு போட்டதும் கொல்கத்தா அந்தப் பெயரைத் தனக்கே சூட்டிக்கொண்டது. வறுமை ஹௌராவுக்கு, பட்டம் அக்கரைக்கு!

லாப்பியேர் நல்ல மனுஷர். ராயல்டியில் பாதியை வங்காளத்து ஏழைகளுக்கே கொடுத்தார். ரிக்‌ஷா இழுக்கும் ஹசாரி பால் இருமும்போது நமக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் சேரியைப் பெரும்பாலும் ஒரு போலந்துப் பாதிரியார், ஒரு அமெரிக்க டாக்டர் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். 1992-ல் ரோலண்ட் ஜோஃபே படமாக எடுத்தபோது பாதிரியாரும் போச்சு. ஓம் பூரி உயிரைக் கொடுத்து நடிக்க, கேமரா என்னவோ பாட்ரிக் ஸ்வேஸியின் மனப்போராட்டத்தையே சுற்றுகிறது.

இதில் விடுபட்டது என்ன தெரியுமா? ஹௌராவின் வேலை. நியூயார்க் தெருக்களின் பாதாளச் சாக்கடை மூடிகளில் பல இந்த ஊர் வார்ப்படப் பட்டறைகளில் செய்தவை. நடாஷா ரஹேஜாவின் 'காஸ்ட் இன் இந்தியா' (2014) டாகுமெண்டரி அதைக் காட்டுகிறது. இரும்பை உருக்கி ஊற்றுகிறார்கள். காப்பாற்ற எந்த டாக்டரும் வருவதில்லை.

நாவலைப் படியுங்கள், தப்பில்லை. கையோடு இதையும் பார்த்துவிடுங்கள். பரிதாபப்படுவது சுலபம், கூலி என்ன என்று கேட்பதுதான் கஷ்டம்.