ஏல ஆழ்வார், எப்பம்ல வாறே?

டிகிரி முடிச்ச கையோட கூடப் படிச்சவங்க பாதிப்பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுனாங்க, நான் ஏறுனது ஏரல் பஸ். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஏரல், ஏரலிலிருந்து தூத்துக்குடி, அவ்வளவுதான் என் வெளியூர்ப் பயணம்! ஆனா அந்தக் கோடையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா என்னால நிறுத்த முடியல. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, டீக்கடை அண்ணாச்சிகிட்ட ரெண்டு தடவை சொல்லியாச்சு, இன்னும் அடங்கல. நீங்களும் கேளுங்க.

பாளையங்கோட்டை விடுதியில எங்க யாருக்கும் சொந்தப் பேரு கிடையாது, ஊர்ப்பேர்தான். திரேஸ்புரத்துக்காரன் திரேஸ், காயல்பட்டினத்துக்காரன் காயல், நாசரேத்துக்காரன் நாசரேத்து, நான் ஆழ்வார். கடைசிப் பரீட்சை முடிஞ்சு பெட்டி கட்டுறப்போ ஒரு ஒப்பந்தம் போட்டோம்: எவனுக்கு எங்க வேலை கிடைச்சாலும் சரி, அதுக்கு முன்னாடி எல்லார் வீட்லயும் எல்லாரும் போய்த் தங்கணும், விருந்தாளியா இல்ல, வீட்டுப் புள்ளையா. ஊருக்கு வந்து பை பிரிக்கலை, திரேஸ்கிட்டயிருந்து போன். "ஏல ஆழ்வார், எப்பம்ல வாறே?" இந்தா வாறேன்னு கிளம்பிட்டேன்!

தூத்துக்குடி எனக்குப் புது ஊரில்லை. சின்னப்புள்ளையிலிருந்து ஜவுளி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, யாரையாவது ரயிலேத்தி விடன்னு நூறு காரியத்துக்குப் போன ஊருதான். ஆனா எல்லாம் காலையில போய்ச் சாயங்காலம் திரும்புற பயணம். தங்குனதில்லை. ஒரு ஊரு தன் முகத்தைக் காட்டுறது ராத்திரி பத்து மணிக்கு மேலயும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியும்தான், அது பகல்ல வந்துட்டுப் போறவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது, சத்தியமா!

நினைச்சுப் பாருங்க, முக்காணி தாண்டி பழையகாயல், முள்ளக்காடுன்னு பஸ் வருது, வயக்காடும் வாழைத்தோப்பும் போயிடுச்சு, திடீர்னு ரெண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியா தண்ணி, ஒவ்வொரு பாத்தியிலயும் ஒரு துண்டு வானம், ஓரத்துல வெள்ளை வெளேர்னு உப்பு அம்பாரம். மே மாச வெயில் அதுல பட்டுக் கண்ணு கூசுது, கண்ணை மூட மனசு வரலை. அந்த வெயில்ல வாருபலகை பிடிச்சு உப்பு வாருற அக்காமார் விடியறதுக்கு முன்னாடியே வேலைக்கு இறங்கிடுவாங்கன்னு திரேஸ் சொன்னான். அதைக் கேட்டதுலிருந்து சோத்துல உப்புக் கூடக்குறைய இருந்தா ஒரு வார்த்தை சொல்றதில்லை நான்.

திரேஸ் வீடு கடலுக்கு ரொம்பப் பக்கம். மொட்டை மாடியில பாய் விரிச்சுப் படுத்தா காத்து ஆளைத் தூக்கிட்டுப் போற மாதிரி அடிக்குது, அதுல கருவாட்டு வாசனை, டீசல் வாசனை, ஈரக் கயித்து வாசனை எல்லாம் சேர்ந்து வருது, அந்தக் கலவையை மூக்கு நிறைய இழுத்துக்கிட்டு விடியவிடியத் தூங்காம கிடந்தேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக எல்லாம் மீன்பிடித் துறைமுகத்துல வரிசையா கட்டிக் கிடக்கு. ஆனா வள்ளங்களுக்குத் தடையில்லை! விடியக்காலம் திரேஸ்புரம் கரையில நின்னு பாக்கணும் நீங்க. இருட்டுல இஞ்சின் சத்தம் மட்டும் முதல்ல கேக்குது, அப்புறம் ஒரு விளக்கு, அப்புறம் வள்ளத்து முகப்பு, அப்புறம் ஆளுக, கரை தொட்டதும் கூடை கூடையா விளமீனும் பாறையும் சாளையும் வந்து விழுது, ஏலக்காரர் குரல் ஏறுது, நான் எதுவும் வாங்கப் போறதில்லை, ஆனா கூட்டத்துக்குள்ள தலையை விட்டு ஒவ்வொரு விலைக்கும் திரேஸைப் பாத்து "ஏ அப்பா!"ங்கறேன். ரெண்டு மணி நேரத்துல அந்த விளமீன் குழம்பாகி என் தட்டுக்கு வந்துடுச்சு. தேங்காயும் புளியும் அரைச்சு ஊத்தின குழம்பு. "இன்னொரு துண்டு வைக்கட்டா மக்கா?"ன்னு திரேஸ் அம்மா கேக்காங்க. வேண்டாம்னு சொல்லத் தெரியற நாக்கா இது?

திரேஸோட தாத்தா சங்குக்குளி போனவர். எண்பதைத் தாண்டின மனுசன், நெஞ்சு இன்னும் அகலமா இருக்கு. மூச்சடக்கிக் கடலுக்கடியில போறதைப் பத்தி அவர்கிட்ட கேட்டதுதான் தாமதம், ராத்திரி முழுக்கச் சொன்னார். கால்ல கல்லு, இடுப்புல கயிறு, மேல கயிறு பிடிக்கறவன் கையிலதான் உயிரு. முத்துக்குளிப்பை அவர் சின்னப் பையனா கரையில நின்னு பாத்திருக்கார். கடலுக்குள்ள முத்துச்சிப்பி விளையற மேடுகளைப் 'பார்'னு சொல்லுவாங்களாம், எந்தப் பார்ல சிப்பி முத்திருக்குன்னு சோதிச்சுப் பாத்து அரசாங்கம் நாள் குறிக்குமாம், அன்னைக்குச் சனம் திரண்டு நிக்குமாம். சலாபம்னு சொல்ற அந்த முத்துக்குளிப்பு 1960-களுக்குப் பிறகு நடக்கவே இல்லை. கொற்கையில பாண்டியன் காலத்துல தொடங்கின தொழிலோட கடைசிக் காட்சியைக் கண்ணால பாத்த ஒருத்தர், என் தோள்ல கை போட்டுக்கிட்டு, கயித்தை எத்தனை தடவை இழுத்தா மேல தூக்கணும்னு என் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டுறார்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இப்பவும் எழுதும்போது அரிக்குது, பாருங்க.

பகல்ல பைக்ல ஊர் சுத்தினோம். கிரேட் காட்டன் ரோடு, டபிள்யூஜிசி ரோடு, ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை. பழைய துறைமுகத்துப் பக்கம் நின்னப்போ கைகாலெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியா வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினது இந்த ஊர்லதானே, காலியாவும் லாவோவும் இந்தத் தண்ணியிலதானே கொழும்புக்குப் போச்சு! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின பாடம், கடலைப் பாத்து நிக்கும்போது என் சொந்தக் கதையாயிடுச்சு. சத்தமா "கப்பலோட்டிய தமிழா!"ன்னு கத்திட்டேன், பக்கத்துல தூண்டில் போட்டுக்கிட்டிருந்த பெரியவர் திரும்பிப் பாத்துச் சிரிச்சார்.

மக்ரூன் பத்திச் சொல்லாம எப்படி விடறது? முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப் பொடியும், மூணே மூணு சாமான், நுரைக்க நுரைக்க அடிச்சு, கூம்பு கூம்பாப் பிழிஞ்சு, இளஞ்சூட்டுல காயவிட்டு எடுக்கறாங்க. சூடா இருக்கிற பேக்கரிக்குள்ளேயே நின்னு, இப்பத்தான் இறங்கின மக்ரூனை வாயில வைங்க. மொதல்ல மொறுக்குன்னு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், மெல்லவே வேண்டாம், கரைஞ்சு போயிடும், முந்திரி வாசம் மட்டும் தொண்டை வரைக்கும் கூட வரும். ராத்திரிக்குப் பரோட்டா. கல்லுல தட்டுற சத்தம் தெருமுனையிலேயே கூப்பிடுது, சால்னாவை அண்டாவிலிருந்து அகப்பையில அள்ளி இலை நிறைய ஊத்துறாங்க, பக்கத்து மேசையில லாரி ஓட்டுறவர், அந்தப் பக்கம் துறைமுக வேலை முடிச்சு வந்தவர், எல்லாரும் ஒரே மாதிரி வேர்த்துக்கிட்டு ஒரே மாதிரி சாப்பிடறோம். வேர்வைன்னா கொஞ்ச நஞ்சமில்லை, சட்டை காஞ்சா வெள்ளைக்கோடு விழுது. அது ஒரு குறையா? கடக்கரை ஊருன்னா வேர்க்கத்தானே செய்யும்!

நடுவுல காயல் வீட்டுக்குப் போனோம். திருச்செந்தூர் போற பாசஞ்சர்ல ஜன்னலோரம் உக்காந்து, கைப்பிடி நிறைய நுங்கு வாங்கித் தின்னுக்கிட்டே போனா நாசரேத்து ஏறிக்கிட்டான், அப்புறம் காயல்பட்டினம் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ஒரே கூச்சல். காயலோட வாப்பா வாசல்ல வந்து நின்னு "வாங்க தம்பி, வாங்க"ன்னு கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும், ஒரே சஹன்ல சுத்தி உக்காந்து சாப்பிட்டோம், கடைசியில உம்மா கையால செஞ்ச வட்டிலப்பம். தேங்காப்பாலும் முட்டையும் சீனியும் சேர்ந்து இப்படி ஒண்ணு ஆகுமான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், பதில் வர்றதுக்குள்ள அடுத்த துண்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் அந்த ஊர்க் கடற்கரையில ஊரே வந்து உக்காந்திருந்துச்சு, மணல்ல அங்கங்க வட்டம் வட்டமாப் பேச்சு.

இப்ப என் முறை. எங்க ஊருக்கு அவங்க வந்தது எந்த நாள் தெரியுமா? வைகாசித் திருவிழா அஞ்சாம் நாள், ஒன்பது கருட சேவை! வேற நாளைக்கு வரச் சொல்லுவேனா நான்? நம்மாழ்வார் அவதரிச்சது வைகாசி விசாகம், அதையொட்டி நடக்கிற திருவிழாவுல, தாமிரபரணியோட ரெண்டு கரையிலயும் இருக்கிற நவதிருப்பதிப் பெருமாள்களும் அந்த ஒரு நாளைக்கு எங்க ஊருக்கு எழுந்தருள்வாங்க. காலையில திரேஸையும் காயலையும் நாசரேத்தையும் கூட்டிக்கிட்டுப் போய் ஆதிநாதர் கோயில் புளியமரத்தைக் காட்டினேன். நம்மாழ்வார் பதினாறு வருஷம் பேசாம அடியில உக்காந்திருந்த மரம்னு நாங்க கும்பிடற உறங்காப்புளி. காயல் வெளியில நின்னே அண்ணாந்து பாத்துட்டு, இதோட கிளையெல்லாம் இப்படி விரிஞ்சு கிடக்கேன்னு வாயப் பிளந்தான். கல்லுல செஞ்ச நாகசுரம் ஒண்ணு எங்க கோயில்ல இருக்குன்னு சொன்னேன், நாசரேத்து நம்பலை, வாசிக்கக்கூட முடியுமான்னு மறுநாள் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான்.

அப்புறம் ராத்திரி. அய்யோ, அந்த ராத்திரி! தெரிஞ்சவங்க வீட்டுத் திண்ணையில மாட வீதியைப் பாத்து இடம் பிடிச்சாச்சு, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம் காலியாயாச்சு, காயல் அந்த வீட்டு ஆச்சியோட சேர்ந்து வர்றவங்களுக்கெல்லாம் பானகம் ஊத்திக் கொடுத்துக்கிட்டிருக்கான், தெருவுல கால் வைக்க இடமில்லை, மணி பதினொண்ணை நெருங்குது, காத்து நின்னு போச்சு, எங்கயோ கோபுர வாசல் பக்கம் ஒரு பேரிரைச்சல் கிளம்புது, நாகசுரமும் தவிலும் ஒண்ணு சேர்ந்து ஏறுது, தீவட்டி வெளிச்சம் சுவரெல்லாம் ஆடுது, குடை தெரியுது, குடைக்குக் கீழ பொன்னாட்டம் மின்னுற ரெண்டு சிறகு தெரியுது, அடுத்து இன்னொரு குடை, இன்னொரு கருடன், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, சீபாதந்தாங்கிங்க தோள்ல ஏந்தி அசைச்சு அசைச்சு வர்றப்போ அந்தச் சிறகெல்லாம் நிஜமாவே அடிச்சுப் பறக்குது, ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான், திருப்புளிங்குடி காய்சினவேந்தன், பெருங்குளம் மாயக்கூத்தன், திருக்கோளூர் வைத்தமாநிதி, ஒவ்வொருத்தரா நான் பேர் சொல்லிச் சொல்லித் திரேஸ் காதுல கத்துறேன், அவனுக்கு ஒண்ணும் கேக்கலை, இருந்தாலும் தலையாட்டுறான், தென்திருப்பேரை வருது, இரட்டைத் திருப்பதி வருது, எங்க ஊர்ப் பொலிந்து நின்ற பிரான் வர்றார், ஒன்பது கருடன், ஒன்பது, ஒரே தெருவுல, ஒரே வெளிச்சத்துல, அப்புறம் அன்ன வாகனத்துல எங்க ஆழ்வார், பரங்கி நாற்காலியில அவரோட சீடர் மதுரகவி, அவ்வளவுதான், நான் திண்ணையிலிருந்து குதிச்சுட்டேன், செருப்பு எங்க போச்சுன்னு தெரியாது, கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கவும் தோணலை, சின்ன வயசிலிருந்து பாக்கறேன், ஆனா என் சிநேகிதன் முகத்துல அந்த வெளிச்சம் அடிச்சுப் பாத்தது இதுதான் முதல் தடவை, திரேஸ் வாயில கையை வெச்சுக்கிட்டு அசையாம நிக்கறான், அவன் தாத்தா கடலைப் பத்திச் சொல்லும்போது நான் எப்படி இருந்தேனோ அப்படியே!

விடிய விடிய உக்காந்து பாத்தோம். அதுக்கப்புறமும் தூங்கலை, ஆத்துல போய் விழுந்தோம், மதியம் பைக்கை எடுத்துக்கிட்டு ஆதிச்சநல்லூர் போனோம். கண்ணாடித் தளத்துக்கு மேல நின்னா காலுக்கடியில குழிக்குள்ள முதுமக்கள் தாழி அப்படி அப்படியே இருக்கு. நாசரேத்து குனிஞ்சவன் நிமிரவே இல்லை. ஸ்கூல் டூர்ல பொட்டல்காடாப் பாத்த இடம் அது.

அடுத்து என்ன தெரியுமா? பனிமய மாதா கோயில் திருவிழா! ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. 1555-ல கடல் கடந்து வந்த மாதா சுரூபம், முத்துக்குளிச்ச சனத்தோட தாய். திரேஸ் குடும்பம் பதினோரு நாளும் வீட்ல இருக்கிறதைவிடக் கோயில்லதான் அதிகமா இருக்குமாம். காயலும் வர்றான், நாசரேத்தும் வர்றான். வேலைக்கான கடிதம் ஒண்ணும் மேசையில இருக்கு, சேர்ற தேதி ஆகஸ்ட் 5-க்கு அப்புறம்தான், நல்லவேளை! நீங்களும் வந்துருங்க. திரேஸ் வீட்டு மாடியில இடம் இருக்கு, அவங்க அம்மாகிட்ட உங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வெச்சிருக்கேன், மீன் வாங்க மட்டும் முந்தின நாளே சொல்லணுமாம்.