வட்டமா? சிலுவையா?

ஆலயத்தின் வடிவம் எதைக் குறிக்கிறது எனக் கேட்டால், 'சிலுவையை' என்ற மறுமொழியே நமக்குப் பெரும்பாலும் கிடைக்கும். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சு நாட்டு ஆயர் துராந்துஸ், இவ்வடிவத்தில் மனித உடலையே கண்டார். பீடம் அமைந்த பகுதி தலை. குறுக்கே நீளும் கூடங்கள் கைகள். மக்கள் கூடும் நடுக்கூடம் உடல். அழகிய விளக்கமே! ஆயினும், அடையாளத்திற்கு முன்னரே மக்கள் கூட்டம் இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். 4ஆம் நூற்றாண்டில் உரிமை பெற்ற திருச்சபை, வழக்கும் வணிகமும் நடைபெற்ற 'பசிலிக்கா' என்னும் உரோமைப் பொதுமன்றத்தின் வடிவத்தையே தன் பேராலயங்களுக்கு ஏற்றது. உரோமையரின் கோயில் தெய்வச் சிலையின் உறைவிடம்; திருச்சபைக்கோ மக்கள் உள்ளே கூட இடம் வேண்டியிருந்தது.

மக்களின் தேவைக்கும் வடிவத்தின் நிறைவுக்கும் இடையே எழுந்த வழக்கு, உரோமையின் தூய பேதுரு பேராலயத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1506இல் அடிக்கல் நாட்டியபோது, பிரமாந்தே வரைந்திருந்தது நான்கு கைகளும் சமமான கிரேக்கச் சிலுவை, நடுவே பெருங்குவிமாடம். தொடக்கமும் முடிவுமற்ற வட்டம் இறைவனின் நிறைவைக் காட்டும் என்பது மறுமலர்ச்சிக் காலத்தார் பலரின் கருத்து. பின்வந்தோருள் சிலர் முன்பகுதியை நீட்ட எண்ணினர். 1547இல் பொறுப்பேற்ற மைக்கலாஞ்சலோ மீண்டும் மையத்தையே நாடினார். அவர் மறைந்த பின், 1590இல் குவிமாடம் எழுந்து முடிந்தது.

ஆனால், பவனிகளுக்கு நீண்ட வழி வேண்டும். பெருந்திரளுக்கு இடம் வேண்டும். பழைய பேராலயம் நின்ற புனித நிலமும் புதிய கூரையின் கீழ் வரவேண்டும். எனவே, திருத்தந்தை ஐந்தாம் பவுலின் காலத்தில், 1607இல், கார்லோ மதேர்னோ நடுக்கூடத்தை நீட்டத் தொடங்கினார். கிரேக்கச் சிலுவை இலத்தீன் சிலுவையாயிற்று. இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. முற்றத்தில் நெருங்கி நிற்பவருக்கு, உயர்ந்த முகப்பு குவிமாடத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. மதேர்னோவைக் குறைகூறும் கலை விமரிசகர்கள் இன்றும் உளர்.

அக்குறையில் உண்மை உண்டு. எனினும், நாம் மதேர்னோவின் பக்கமே நிற்கிறோம். வட்டம் தன்னிலே நிறைவுற்றது, நோக்குவதற்கு இனியது. நீண்ட கூடமோ மனிதனை வாயிலிலிருந்து பீடம் நோக்கி நடக்க வைக்கிறது. நடுக்கூடத்தைக் கப்பல் எனப் பொருள்படும் 'நாவிஸ்' என்ற இலத்தீன் சொல்லால் முன்னோர் அழைத்ததும் பொருத்தமே. பயணிகளுக்காக அன்றோ கப்பல்! பின்னர், 1656 முதல் 1667 வரை, பெர்னினி முற்றத்தைச் சுற்றித் தூண் வரிசைகளை எழுப்பினார். அவை திருச்சபைத் தாயின் விரித்த கரங்கள் என்பது அவர் தந்த விளக்கம். ஆலயத்துள் இடமிழந்த வட்டம், நீள்வட்டமாகி, வருவோரை வரவேற்க வாயிலில் வந்து நின்றது எனலாம்.

நீளத்திற்கும் ஓர் ஆபத்து உண்டு. பீடம் தொலைவானால் மக்கள் வெறும் பார்வையாளராகிவிடுவர். ஆலயங்கள் மக்களின் முழு ஈடுபாட்டிற்கு ஏற்றவையாய் அமையவேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது இதனாலேயே. 1967இல் நேர்ந்தளிக்கப்பட்ட லிவர்பூல் பேராலயம், நடுவே பீடமும் சுற்றிலும் மக்களுமாக, மீண்டும் வட்ட வடிவில் எழுந்தது. உரோமையில் மக்களை முன்னிட்டு விலக்கப்பட்ட வட்டம், இங்கே மக்களை முன்னிட்டே திரும்ப வந்தது!

ஆகவே, புதிய ஆலயம் எழுப்ப விழையும் பங்கு மக்கள், வரைபடத்தைக் கையில் எடுத்ததும் கேட்கவேண்டியவை சில உண்டு. சிலுவையின் கைகளில் அமர்பவருக்குப் பீடம் தெரியுமா? கடைசி வரிசையில் இருக்கும் மூதாட்டியின் செவியில் இறைவாக்கு விழுமா? நற்கருணை பெற வருவோர் நெருக்கடியின்றி நடக்க வழி உண்டா? இவற்றுக்கு 'ஆம்' என விடை தரும் வடிவம் வட்டமாயினும் ஆகுக, சிலுவையாயினும் ஆகுக. அதன் பொருளை அங்குக் கூடும் இறைமக்களே எடுத்துரைப்பர்.