வளைந்த ஒளியும் இரண்டாவது சாட்சியும்

எண்ணூர் முகத்துவாரத்தில் மணல்திட்டு தண்ணீருக்கு அடியில் மறைந்து கிடந்தாலும், அலை எங்கே திரும்புகிறது, எங்கே உடைகிறது என்று பார்த்தே படகுக்காரர்கள் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை வானியலாளர்கள் அறிவதும் இப்படித்தான். தொலைவிலிருந்து வரும் ஒளி, வழியில் நிற்கும் விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பால் வளைந்து, ஒன்று பலவாகத் தெரிகிறது. சில வேளை வளையமாகிவிடுகிறது. இப்படி ஒளியை வளைக்கும் பொருள்தான் ஈர்ப்பு வில்லை. 1979-இல் கண்டறியப்பட்ட முதல் வில்லையில், மிகத் தொலைவில் பேரொளி வீசும் மண்டல மையமான ஒரே குவேசாருக்கு இரண்டு பிம்பங்கள். இடைவெளி, ஒரு பாகையில் 600-இல் ஒரு பங்கு. முதல் பிம்பம் மினுங்கினால் அதே மினுக்கம் இரண்டாவதில் தெரிய 417 நாள் ஆகிறது.

இந்த ஒளி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் தெளிவு வேண்டும். வளையத்துக்குள் அடங்கிய மொத்த நிறையை அது சில விழுக்காடு பிழைக்குள் சொல்லிவிடும்; ஒளிரும் பொருள், ஒளிராப் பொருள் என்ற பேதம் அதற்கு இல்லை. ஆனால் அந்த நிறை மையத்தில் குவிந்திருக்கிறதா, விளிம்புவரை பரவியிருக்கிறதா என்று கேட்டால் தடுமாறும். மண்டலத்தின் நிறையைச் சற்றுக் குறைத்து, ஒரே சீரான நிறைப் படலம் ஒன்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் பிம்பங்கள் அதே இடத்தில்தான் விழும். படம் எவ்வளவு கூர்மையானாலும் இந்தக் குழப்பம் தீராது. ஆகவே இரண்டாவது சாட்சி தேவை: மண்டலத்துக்குள் விண்மீன்கள் ஓடும் வேகம். ஹப்பிள் தொலைநோக்கியால் ஆராயப்பட்ட 70-க்கும் மேற்பட்ட நீள்வட்ட மண்டலங்களில் இரண்டையும் இணைத்துப் பார்த்தபோது, உட்பகுதியின் மொத்த அடர்த்தி ஏறக்குறைய தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவது தெரிந்தது. விண்மீன்களின் அடர்த்தி இதைவிடச் செங்குத்தாகச் சரிகிறது. கரும்பொருளுடையது இதைவிட மெதுவாக. தனித்தனியே எதுவும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை, கூட்டுத்தொகை கட்டுப்படுகிறது. இந்தத் துறையின் மிக அழகான முடிவு இதுதான் என்பேன். ஏன் அப்படி என்பதற்கு இன்னும் முழு விளக்கம் இல்லை.

கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன், மண்டலக் கொத்துகளுக்குள் உள்ள சிறு கரும்பொருள் திரட்சிகளை வில்லை வழியே அளக்கும் முறையை 1990-களிலேயே வகுத்தவர்களில் ஒருவர். அவரும் வானியலாளர் மெனெகெட்டியும் உள்ளிட்ட குழு 2020-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு முரண்பாட்டை வெளியிட்டது: கொத்துகளில் உள்ள மண்டலங்கள், கணினி உருவாக்கங்கள் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வலுவான சிறு வில்லைகளை உண்டாக்குகின்றன. கணினியின் நுட்பம் போதவில்லை என்பது உடனே எழுந்த மறுப்பு. 2021-இல் வந்த நுட்பமான உருவாக்கம் ஒன்றில் அந்த இடைவெளி மறைந்தும் போனது. ஆனால் அத்தகைய உருவாக்கங்களில் பெரிய மண்டலங்கள் உண்மையில் காண்பதைவிட மிகுதியான விண்மீன்களைப் பெற்றுவிடுகின்றன என்று 2020-இன் குழுவினர் பதில் சொன்னார்கள். ஒரு பக்கம் பொருத்த மறுபக்கம் பிசகுகிறது என்பதால், கேள்வி மூடப்பட்டதாக நான் கருதவில்லை. 2020-இன் முடிவு வெறும் படங்களை மட்டும் நம்பியதன்று. மண்டலங்களின் விண்மீன் வேகங்களும், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியால் அளந்து சேர்க்கப்பட்டன. அதனால்தான் எளிதில் தள்ள முடியவில்லை.

சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் வரும் ஆண்டுகளில் பல்லாயிரம் புதிய வில்லைகளைக் காட்டும் என எதிர்பார்க்கிறார்கள். அத்தனைக்கும் வேகம் அளக்க நிறமாலைமானி நேரம் கிடைக்காது. எதை முதலில் அளப்பது என்று தேர்ந்தெடுக்க ஆட்கள் வேண்டும். அதற்குப் பழகிக்கொள்ள, ஹப்பிள் படங்கள் எவரும் இலவசமாக எடுத்து ஆராயும்படி இணையத்தில் இருக்கின்றன. வடசென்னைக் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் இன்றே அதில் இறங்கலாம்.