செம்பனை லாரியைத் தேடித் தந்த இம்மிச்

வீட்டில் சும்மா கிடந்த பழைய கணினியில் இம்மிச்சைப் போட்டிருக்கிறேன். கூகள் போட்டோஸ் செய்கிற வேலையை, படங்களை வெளியே அனுப்பாமல் நம் வீட்டுக்குள்ளேயே செய்யும் திறமூல மென்பொருள் இது. 2025 அக்டோபரில்தான் நிலையான 2.0 பதிப்பு வந்தது. எனக்கு வேண்டியது அதன் தேடல். தெலுக் பங்லிமா காராங் திருவிழா, மோரிப் கடற்கரை, ஜென்ஜாரோம் டோங் ஸென் ஆலயத்து விளக்குகள் என எங்கள் படங்களெல்லாம் பெயரில்லாத ஒரே குவியல்.

நிறுவிய கையோடு தமிழில் தட்டிப் பார்க்காதீர்கள். கூடவே வருவது ஓப்பன்ஏஐ 2021இல் வெளியிட்ட க்ளிப் என்ற செய்யறிவு மாதிரி. இணையத்தில் திரட்டிய 40 கோடிப் படங்களையும் அவற்றின் வாசகங்களையும் வைத்துப் பழக்கியது, ஆங்கிலத்துக்குத்தான் சரிப்படும். நிர்வாக அமைப்புக்குள் போய், தமிழும் தெரிந்த என்எல்எல்பி-க்ளிப் வகை மாதிரிக்கு மாற்றி, எல்லாப் படங்களையும் மறுபடி அலசவிட வேண்டும். பயனர் அமைப்பிலும் மொழியைத் தமிழாக்க வேண்டும். இதைத்தான் பலர் தவறவிடுவார்கள். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினி என்றால் இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம். அலசி முடிந்தபின் தேடல் உடனுக்குடன்.

ஒவ்வொரு படத்தையும் இம்மிச் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கிறது. நாம் தட்டும் சொற்களும் அப்படியே எண்களாகும். இரண்டும் எங்கே நெருங்குகின்றனவோ, அந்தப் படம் முன்னால் வரும். ஆகவே நமக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பயனில்லை, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். ‘மாமா வேலை பார்த்த தோட்டம்’ என்றால் அதற்கு என்ன தெரியும்? ‘பழக்குலை ஏற்றிய லாரி, மண்சாலை, இருபக்கமும் பனைகள்’ என்றேன். முதல் வரிசையிலேயே செம்பனை லாரி. டயர்மேல் ஒரு கால் வைத்தபடி மாமா! ‘மரத்தில் செதுக்கிய முகமூடி’ என்றதும் பூலாவ் கேரியில் எடுத்த மாஹ் மெரி சிற்பங்கள் வந்தன.

முகங்களை அதுவே தனியாகப் பிரித்து அடுக்குகிறது. அவற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டால் ஆளையும் வர்ணனையையும் சேர்த்தே தேடலாம். அத்தையைத் தேர்ந்தெடுத்து ‘தலையில் பால்குடம், மஞ்சள் புடவை’ என்று தட்டினால் பத்துமலைப் படங்கள் வந்துவிடும். என்னைக் கேட்டால், இது ஒன்றுக்காகவே நிறுவலாம்.

குறைகளும் உண்டு. க்ளிப் வழிவந்த மாதிரிகளுக்குப் பொதுவாக ‘இல்லை’ என்பது சரியாகப் புரியாது. கூட்டமில்லாத கோயிலைக் கேட்டால் கூட்டத்தோடும் வரும். எண்ணிக்கையிலும் தடுமாறும். தவிர, வெறுங்கையோடு திரும்பும் பழக்கம் இந்தத் தேடலுக்குக் கிடையாது. பனிமனிதனைக் கேட்டாலும், நம் ஊர்ப் படங்களில் ஓரளவு கிட்ட வருவதைக் கொண்டுவந்து நிறுத்தும்.

மென்பொருளுக்குச் செலவில்லை, ஆனால் காவல் நம் பொறுப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமின்னலை நம்பி ஒரே வன்தட்டில் படங்களை விட்டுவைக்காதீர்கள். இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். வெளியூரிலிருந்து பார்க்க விபிஎன் அமைத்துக்கொள்வது நல்லது. இம்மிச்சை நிறுவப் பயன்படும் டாக்கர் என்ற மென்பொருளின் பெயரைக் கேட்டதும் மிரள்பவர்கள், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை ஒரு மாலை பிடித்து உட்கார வைக்கலாம்.