21 நாளில் பிளாஸ்டிக் வெளியேறுமா?

அண்மையில் எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய தாயார் வாங்கிய பொடி டப்பாவுடன் வந்ததாம் அது. 'நாம் ஒவ்வொருவரும் வாரந்தோறும் 5 கிராம் பிளாஸ்டிக்கை உண்கிறோம். இப்பொடியை 21 நாள் உட்கொண்டால் உடலில் தேங்கிய பிளாஸ்டிக்கும் நச்சு வேதிப்பொருள்களும் வெளியேறிவிடும்' என்பது அதன் சாரம். டப்பாவின் விலை அந்த அம்மாவின் நான்கு நாள் கூலி. "இது உண்மையா, சார்?" என்று மாணவர் கேட்டார். கேள்வியை இரண்டாகப் பிரித்து ஆராய்வோம்.

முதலில் 5 கிராம். இது பிரசுரக்காரரின் கற்பனை அன்று. 2019ஆம் ஆண்டு உலக இயற்கை நிதியம் வெளியிட்ட அறிக்கையில் வந்த எண்தான். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த கணக்கு அதற்கு அடிப்படை. ஆனால் அதே ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரை, வாரத்திற்கு 0.1 முதல் 5 கிராம் வரை என்றே கூறுகிறது. மேல் எல்லை மட்டும் முழக்கமாகிவிட்டது. கீழ் எல்லை மறைந்துவிட்டது. அதே 2021இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு முறையில் கணக்கிட்டனர். அவர்களுக்குக் கிடைத்த நடுத்தர மதிப்பு, வயது வந்த ஒருவருக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம். 5 கிராமுக்கும் இதற்கும் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வேறுபாடு!

இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வரமுடியும்? ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் துகள்களை எண்ணுகின்றன, எடை போடுவதில்லை. எண்ணிக்கையை எடையாக மாற்றத் துகளின் அளவை ஊகிக்க வேண்டும். கோளத்தின் கனஅளவு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். விட்டத்தை 10 மடங்கு மிகையாகக் கொண்டால் எடை 1,000 மடங்காகும். 100 மடங்கு மிகையானால் எடை 10 லட்சம் மடங்காகும். இத்தகைய கணக்குகள் இடறும் இடம் இதுவே. மேலும், நாம் விழுங்கும் துகள்களில் 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் உடலில் கலவாமல் மலத்தோடு போய்விடுகின்றன. எனவே 'உண்பது' வேறு, 'தேங்குவது' வேறு.

இதனால் அச்சத்திற்கே இடமில்லை என்று கொள்ளலாகாது. 2024இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், கழுத்துத் தமனி அடைப்பை அறுவை செய்து நீக்கிய 257 பேரில் 150 பேரின் படிவுகளில் பாலிஎதிலீன் காணப்பட்டது. அத்தகையோருக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை அதிகம் நேர்ந்தன. இது தொடர்பைக் காட்டுகிறது. காரணத்தை இன்னும் நிறுவவில்லை.

அடுத்தது 21 நாள். துகள்களை உடலிலிருந்து நீக்குவதாக நிறுவப்பட்ட மருந்து எதுவும் இன்று இல்லை. சிதையாத வேதிப்பொருள்களுக்குக் கணக்கே போடலாம். தீயணைப்பு நுரையில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.எஸ். என்னும் பொருளின் அளவு நம் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சில ஆண்டுகள் ஆகும். 4 ஆண்டு என்று கொள்வோம். 21 நாளில் தானாகக் குறைவது 1 விழுக்காடுதான்! 2022இல் ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்கள் 285 பேரிடம் ஒரு சோதனை முடிவு வெளியாயிற்று. ஆறு வாரத்திற்கு ஒருமுறை பிளாஸ்மா தானம் செய்தவர்களுக்கு, ஓராண்டு முடிவில் அப்பொருள் சுமார் கால் பங்கு குறைந்தது. ஊசியால் பிளாஸ்மாவை எடுத்தே ஓராண்டில் இவ்வளவுதான் என்றால், ஒரு கரண்டிப் பொடி மூன்று வாரத்தில் என்ன செய்யும்?

எங்கள் செட்டிநாட்டு ஊருணிகளைப் பாருங்கள். வரத்துக்கால் வழியே நீர் வருகிறது. கலுங்கு வழியே மிகைநீர் போகிறது. வரத்துக்காலில் சாக்கடையைத் திறந்துவிட்டு ஊருணிக்குள் மருந்து தூவிப் பயனுண்டா? நம் உடலும் அத்தகையதே. சிதையாத பொருள்களுக்குக் கலுங்கு மிகக் குறுகல். ஆதலால் வரத்தை அடைப்பதே வழி.

இவ்வழி பலித்ததற்குச் சான்றும் உண்டு. 1980களின் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் அவ்வூர்க் காற்றை ஆராய்ந்தனர். நெற்பயிர்க் காலத்தில் எச்.சி.எச். மிகுந்திருந்தது. உழவர்கள் 'பி.எச்.சி. பொடி' என்று வயலில் தூவியது இதையே. இந்தியா வேளாண்மையில் டி.டி.டி.யை 1989லும், எச்.சி.எச்.சை 1997லும் தடை செய்தது. சுவீடனில் 1972 முதல் 1997 வரையிலான தாய்ப்பால் மாதிரிகளை ஆராய்ந்தபோது, தடைக்குப்பின் டி.டி.டி. படிப்படியாக வெகுவாகக் குறைந்தது தெரிந்தது. அந்தத் தாய்மார்களைத் தூய்மை செய்தது பொடி அன்று, சட்டமும் காலமுமே.

நம் கையிலும் சில மடைகள் உள்ளன. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையில் 100 மில்லிலிட்டர் சுடுநீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று 2020இல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு கண்டது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 1.1.2019 முதல் தடை உண்டு. ஆயினும் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவது நிற்கவில்லை. கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோவதற்கும், எவர்சில்வர் டம்ளரில் காப்பி கேட்பதற்கும் செலவு ஏதுமில்லை.

மாணவரிடம் இக்கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லையாம். திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டு வாங்குமாறு சொல்லியனுப்பினேன்.