ஆண்டறிக்கையும் பரமேச்சுர விண்ணகரமும்

கல்லூரிகளின் ஆய்வு ஆண்டறிக்கையைக் கையிலெடுப்பார்க்கு முதற்கண் புலனாவன எண்களே. முனைவர் பட்டம் பெற்றோர் இத்துணையர், வெளிவந்த கட்டுரைகள் இத்துணை, நிகழ்ந்த கருத்தரங்குகள் இத்துணை என அவை நிரல்படக் கிடக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கட்டுரைக்கும் நூலுக்கும் புள்ளி வகுத்தபின் இவ்வேட்கை மிகுந்தது. எண்ணுதல் தவறன்று, எண்ணப்படுவது யாது என்பதே யாம் ஈண்டு எழுப்பும் வினா. காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றைப் பற்றிய ஆய்வு இதற்கு விடை காண உதவும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மகளிருள் முதன்முதல் முனைவர் பட்டம் பெற்றவர் சி. மீனாட்சி அம்மையார். ஆண்டு 1936. அவ்வாண்டுக் கணக்கில் அஃது ஒரு பட்டமே. பல்லவர் ஆட்சியும் சமுதாய வாழ்வும் பற்றிய அவ்வாய்வு 1938இல் நூலாயிற்று. 1940இல் அம்மையார் மறைந்தார். வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிய அவர்தம் நூல் 1941இல்தான் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது.

பரமேச்சுர விண்ணகரம் என்று ஆழ்வார் பாடிய கோயில் இதுவே. இதன் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் பல்லவர் குலத்தின் தொன்மத் தோற்றம் முதல் இரண்டாம் நந்திவர்மன் காலம்வரை சிற்பமாக நிற்கின்றது. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப்பின் நாடு அரசனின்றி நின்றபோது, கடிகையார் உள்ளிட்டோர் இரணியவர்மனை அடைந்து வேண்டினர். மைந்தர் மூவர் மறுத்தனர். பன்னீராண்டு அகவையனாகிய பல்லவமல்லன் இசைந்தான். சிற்பங்களோடு பொறித்த கல்வெட்டு இதனைக் கூறும். மயூரசன்மன் கற்க வந்ததாகத் தாளகுந்தாக் கல்வெட்டுக் குறிக்கும் கல்விநிலையமும் காஞ்சிக் கடிகையே. கற்றோர் அவை அரசனைத் தேடிப் புறப்பட்ட செய்தி இன்று பல்கலைக்கழகத்தில் இருப்போரைச் சற்றே நாணச் செய்யும்.

சிற்பத்தையும் எழுத்தையும் ஒருசேரப் படித்தமையே அம்மையார் ஆய்வின் உயிர். எனினும் எழுத்தில்லாத சிற்பங்கட்குச் செப்பேடுகளின் துணைகொண்டு அவர் கண்ட பொருள்களுட் சில ஊகத்தின்பாற்படுவன. அவற்றைப் பின்வந்தோர் முடிந்த முடிபாகக் கொண்டது அவர் குறையன்று.

இனித் தமிழ்த்துறை செய்ய வேண்டியிருந்த பணிக்கு வருவோம். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழி இக்கோயிலைப் பற்றியது. நென்மெலிப் போரும், கருவூர் அஞ்சத் தென்னவனை வென்றதும், விடைக்கொடியும், பறையும் அதில் வருகின்றன. வரலாற்றாசிரியர் போர்ப்பெயர்களை மட்டும் பொறுக்கிக்கொள்வர். சமயச் சுவைஞரோ அப்பெயர்களைக் கடந்து பக்தியைப் போற்றுவர். இருசாராரும் காணத் தவறுவது பாட்டின் அமைப்பையே. இறுதிப் பாட்டு நீங்கலாக ஒவ்வொரு பாட்டிலும் முதற்பாதி திருமாலுக்கும் கச்சிக்கும் உரியது. பிற்பாதியில் பல்லவன் வருகின்றான். வெற்றி கூறி முடியுமுன் அவன் பணிந்தவனாகிவிடுகின்றான். கோயிலுக்கு அடையாளமே அவன் பணிவுதான். சுவரிலோ அவன் முடிபுனைந்து அமர்ந்திருக்கின்றான். ஒரே மன்னனைப் பற்றிக் கல்லும் பாட்டும் இங்ஙனம் வேறுபடுதல் ஏன் என்ற வினா இலக்கியத் திறனாய்வுக்கே உரியது. காஞ்சி நெசவாளர் உடலையும் கரையையும் தறியிலேயே கோர்வையிட்டு இணைப்பர். எம் அறிக்கைகளில் கல்வெட்டுக் கட்டுரையும் பதிகக் கட்டுரையும் கோர்வையின்றி அருகருகே கிடக்கின்றன.

இவ்விணைப்பை விரிவாகச் செய்ய முற்பட்டவர் அமெரிக்கச் சமயவியல் அறிஞர் டென்னிஸ் அட்சன். பதிகத்தையும் பாகவத புராணத்தையும் பாஞ்சராத்திர நெறியையும் கொண்டு கோயிலை விளக்கிய அவர் நூல், அவர் மறைந்தபின் 2008இல் வெளிவந்தது. கோயிலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே திட்டத்துள் அடக்க முயலும் அவர் கொள்கை எமக்கு முற்றும் உடன்பாடன்று; பதிகத்தின் எளிமை அத்துணைப் பாரத்தைத் தாங்காது. ஆயினும் வினாவை எழுப்பியவர் அவர். அம்மையார் நூலுக்கு அறுபத்தேழு ஆண்டுகட்குப்பின், தமிழ்த்துறைக்கு வெளியே நின்று எழுப்பினார்.

இச்சிற்பங்கள் மணற்கல்லால் ஆயவை, தேய்ந்துவிட்டவை பல. 1941ஆம் ஆண்டு நூலின் படங்களை இன்றைய சுவரோடு ஒப்பிட்டு, எஞ்சிய எழுத்துகளைப் படித்து, பதிகத்தின் பத்துப் பாட்டுகளையும் அவ்விடத்தே நின்று ஆராய ஒரு மாணவருக்கு ஓராண்டு வேண்டும். ஆண்டிறுதியில் அவர் கையில் கட்டுரை ஒன்றும் இல்லாதிருக்கலாம். அவ்வாண்டை வெற்றாண்டு என எழுதாத துறைத்தலைவர் ஒருவர் அவருக்கு முதலில் வேண்டும்.